பின்வளவில் கொம்போசிற் டெக்: பலகைக்கு முன் சட்டகம்

எங்கள் ஸ்காபரோ தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கிற அண்ணை ஏழு வருடத்துக்கு முன் டெக், அதாவது பின்வளவில் மரச்சட்டகத்தின்மேல் பலகை பாவிய திறந்த மேடை, போட்டார். மேலே நல்ல விலை கொடுத்து வாங்கிய கொம்போசிற் பலகை. இன்றைக்கும் அதில் ஒரு வெடிப்பு இல்லை, நிறமும் பெரிதாக மங்கவில்லை. ஆனால் போன கோடையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவர், காலடியில் டெக் ஒரு பக்கமாய்ப் பதிய, தேத்தண்ணிக் கோப்பையோடு சரிந்துபோனார். பலகையைக் கழற்றிப் பார்த்தோம். அடியில் கிடந்த மரம் நனைந்த வைக்கோல். ஸ்குறூ டிறைவரைக் குத்தினால் பிடி வரைக்கும் போகிறது. வேலை எடுத்தவர் பழைய டெக்கின் சட்டகத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் புதுப் பலகையை முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். 25 வருட உத்தரவாதப் பத்திரம் அண்ணையின் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. அது பலகைக்கு. கீழே இருக்கிற மரத்துக்கு இல்லை.

நானும் மச்சானும் எங்கள் வீட்டு டெக்கைக் கட்டியது அந்த வயிற்றெரிச்சலைப் பார்த்த பிறகுதான். ஆறு சனி ஞாயிறு எடுத்தது. நான் தச்சன் இல்லை. வாள் பிடிக்கத் தெரிந்த ஆள், அவ்வளவுதான். கீழே வருவதெல்லாம் தெற்கு ஒன்ராறியோவின் குளிருக்கும் விதிகளுக்கும் பொருந்துகிற கணக்கு. வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் ஆழத்தையும் அளவுகளையும் உங்கள் ஊர் விதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

பலகையை வாங்கும்போது

கொம்போசிற் என்பது மரத்தூளையும் பிளாஸ்ரிக்கையும் சேர்த்து உருக்கி அச்சுக்குள்ளால் தள்ளி எடுக்கிற பலகை. அந்தப் பிளாஸ்ரிக் பெரும்பாலும் கடைப் பை, பொதி சுற்றும் தாள் என்று பாவித்துக் கழித்த பொலித்தீன்தான். 1990களில் வந்த முதல் தலைமுறைப் பலகைகளுக்கு மேலுறை கிடையாது. மரத்தூள் வெளியே தெரிந்ததால் தண்ணீர் ஊறியது, கறுப்புப் புள்ளியாய்ப் பூஞ்சணம் பிடித்தது. "கொம்போசிற் சரிவராது" என்று இன்றைக்கும் சொல்லுகிற ஆட்கள் பெரும்பாலும் அந்தக் காலத்துப் பலகையை மனதில் வைத்துத்தான் சொல்லுகிறார்கள். இப்போது கடையில் கிடைக்கிற ட்ரெக்ஸ், ரிம்பர்டெக், பைபரோன் எல்லாவற்றிலும் மேலே மெல்லிய பிளாஸ்ரிக் உறை இருக்கிறது. மலிவான வகைகளில் உறை மூன்று பக்கம் மட்டும், அடிப்பக்கம் வெறுமை. நிலத்துக்குக் கிட்டவாக, காற்றோட்டம் குறைவாக வரும் டெக் என்றால் நான்கு பக்கமும் உறை போட்டதையே எடுங்கள்.

பலகையின் அகலம் 5½ அங்குலம், தடிப்பு ஏறக்குறைய 1 அங்குலம். நீளம் 12, 16, 20 அடி. இதை மனதில் வைத்து டெக்கின் அளவை முடிவு செய்தால் பாதிச் சிக்கல் தீரும். எங்களுடையது வீட்டுச் சுவரோடு 16 அடி, வெளியே 12 அடி. 16 அடிப் பலகை நடுவில் ஒட்டே இல்லாமல் ஓடுகிறது. 17 அடி என்று ஆசைப்பட்டிருந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் 20 அடி வாங்கி 3 அடியை எறிந்திருக்க வேண்டும்.

நிறம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: கடையில் மாதிரித் துண்டு இலவசமாகத் தருவார்கள். அதை யூலை மாத மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலம் போட்டுவிட்டு வெறுங்காலை வையுங்கள். கறுத்த பலகை சுடும், நன்றாகவே சுடும். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற சனம். வெளிர் நிறத்துக்குப் போங்கள்.

இன்னொன்று, இந்தப் பலகைக்குப் பாரம் தாங்கும் பலம் இல்லை. 16 அடிப் பலகையை இரண்டு பேர் இரண்டு முனையிலும் தூக்கினால் ஈரச் சேலை காயப்போட்ட கொடி மாதிரி நடுவில் தொய்யும். மரப்பலகையை விடக் கனமும் கூட. எனவே தூண், பீம், குறுக்குச் சட்டம் எல்லாமே மரம்தான். இங்கே அந்தக் குறுக்குச் சட்டத்தை ஜொயிஸ்ற் என்பார்கள். ஊரில் கூரைக்குக் கைமரம் வைப்பதைப் பார்த்திருந்தால், அதைப் படுக்கப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டுமுன் கடுதாசி

டெக்கின் தளம் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் வந்தாலோ, வீட்டோடு பொருத்தினாலோ பெர்மிட் வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடத் தாழ்வானதற்கும் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்ற விதி உண்டு. நகரத்துக்கு நகரம் இது மாறும், ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற விஷயம். பெர்மிட்டுக்கு உங்கள் காணியின் சேர்வே படம், மேலிருந்து பார்க்கும் வரைபடம், பக்கவெட்டு வரைபடம் மூன்றும் போதும். கையால் கீறினாலும் அளவு தெளிவாக இருந்தால் எடுப்பார்கள். பல நகரசபைகள் சாதாரண டெக்குக்கு மாதிரி வரைபடமும் அளவு அட்டவணையும் வைத்திருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். ஒன்ராறியோவின் புதிய கட்டட விதி 2025 ஜனவரி 1 நடைமுறைக்கு வந்தது. ஆகவே நண்பர் பத்து வருடத்துக்கு முன் பாவித்த வரைபடத்தை அப்படியே கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

"ஆர் வந்து பார்க்கப்போகினம்?" என்பவர்கள் எங்களுக்குள் நிறைய. வீடு விற்கும் நேரத்தில் வாங்குகிறவரின் வழக்கறிஞர் பார்ப்பார். ஆள் விழுந்து காலை முறித்தால் காப்புறுதிக்காரர் பார்ப்பார்.

இரண்டாவது கடுதாசி, ஒன்ராறியோ வன் கோல், நிலத்துக்கடியில் ஓடுகிற குழாய், வயர்களைக் குறித்துத் தருவிக்கிற சேவை. நிலத்தில் மண்வெட்டி வைக்குமுன் அவர்களுக்கு அறிவிப்பது சட்டம். காசு இல்லை. ஐந்து வேலைநாளுக்கு முன்பாவது சொல்லிவிடுங்கள்; சித்திரை, வைகாசியில் எல்லோரும் கிண்டுகிற காலம், இன்னும் முந்தினால் நல்லது. வந்து நிலத்தில் நிறம் அடித்துக் கொடி நாட்டிவிட்டுப் போவார்கள். மஞ்சள் காஸ், சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசியும் கேபிளும், நீலம் குடிதண்ணீர், பச்சை கழிவுநீர். ஆனால் மீற்றருக்கு இங்கால், உங்கள் வளவுக்குள் நீங்களோ முந்தி இருந்தவரோ ஓடவிட்ட இணைப்புகளை அவர்கள் குறிக்கமாட்டார்கள். பாபிகியூவுக்குப் போகிற காஸ் குழாய், கராஜுக்குப் போகிற வயர், இரண்டும் உங்கள் பொறுப்பு. அவற்றைத் தேடித்தர தனியார் ஆட்கள் இருக்கிறார்கள்.

பழைய டெக்கை உடைக்கிறவர்களும் ஒரு நிமிடம் நில்லுங்கள். 2004க்கு முன் கட்டிய, பச்சை சாயல் உள்ள மரம் என்றால் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியதாக இருக்கலாம். வீட்டுப் பாவனைக்கு அதை 2003 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். அறுக்கும்போது முகமூடி போடுங்கள். குளிர்காய அதை எரிக்கவே கூடாது.

வீட்டில் சாத்துவதா, தனியே நிற்பதா

இங்கே தான் தவறு நடந்தால் டெக் ஆளோடு விழும். டெக்கின் ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரில் ஒரு கட்டையைப் போல்ட் அடித்துத் தொங்கவிடுவது வழக்கம். அந்தக் கட்டைக்கு லெட்ஜர் என்று பெயர். அமெரிக்காவிலும் கனடாவிலும் டெக் இடிந்து விழும் விபத்துகளில் அடிக்கடி கழன்றிருப்பது இந்த இடம்தான்: போல்ட்டுக்குப் பதில் ஆணி அடித்திருப்பார்கள், அல்லது பின்னால் தண்ணீர் இறங்கி மரம் உக்கியிருக்கும்.

ரொறன்ரோப் பக்கத்து வீடுகளில் இன்னொரு சிக்கல். வெளியே தெரிகிற செங்கல் சுவர் பெரும்பாலும் வீட்டைத் தாங்குவதில்லை. ஊரில் கல்லும் சீமெந்துமாய் வைத்த சுவரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை நம்பக் கஷ்டம். வீட்டைத் தாங்குவது உள்ளே இருக்கிற மரச்சட்டம். செங்கல் அதற்கு வெளியே ஓர் இடைவெளி விட்டுப் போட்ட சட்டை. அந்தச் சட்டையில் டெக்கின் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது. எஞ்சினியரின் கையெழுத்து இல்லாமல் நகரசபைகளும் பொதுவாக விடுவதில்லை.

ஆகவே செங்கல் வீட்டில் தனியே நிற்கிற டெக் கட்டுங்கள். வீட்டுப் பக்கத்தில் ஒரு பீம், வெளிப்பக்கத்தில் ஒரு பீம், ஒவ்வொன்றுக்கும் மூன்று தூண். மூன்று அத்திவாரம் கூடுதலாகப் போடவேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக வீட்டுச் சுவரில் ஒரு துளையும் இல்லை, தண்ணீர் இறங்குமோ என்ற கவலையும் இல்லை. தனியே நிற்கிற டெக் பக்கவாட்டில் ஆடாமல் இருக்கத் தூணுக்கும் பீமுக்கும் இடையில் சாய்வுக் கட்டை வேண்டும், அதை வரைபடத்திலேயே காட்டுங்கள்.

கிடங்கு

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். மண்ணுக்குள் இருக்கிற ஈரம் உறைந்து பருத்தால் மேலே இருப்பதைத் தூக்கும், இளவேனிலில் உருகி விடும். இரண்டு மூன்று குளிருக்குப் பிறகு ஒரு தூண் மேலே, ஒரு தூண் கீழே. இதைத் தவிர்க்கவே தெற்கு ஒன்ராறியோவில் அத்திவாரம் உறைபனிக் கோட்டுக்குக் கீழே, 4 அடி, அதாவது 1.2 மீற்றர் போகவேண்டும்.

குறிப்பது முதலில். நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். மூலை மட்டம் பார்க்க 3-4-5 கணக்கு: ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி அளந்து குறித்தால் குறிக்கும் குறிக்கும் இடையில் சரியாக 10 அடி வரவேண்டும். கடைசியில் இரண்டு மூலைவிட்டத்தையும் அளவுங்கள். எங்களுக்கு முதல்முறை இரண்டு அங்குலம் வித்தியாசம் வந்தது. "இது பரவாயில்லை" என்று மச்சான் சொன்னார். பரவாயில்லை என்று விட்ட இரண்டு அங்குலம் கடைசிப் பலகையில் கோணல் கீலமாய் வந்து நிற்கும். நூலை அவிழ்த்து மறுபடி கட்டினோம்.

கிண்ட இரண்டு பேர் பிடிக்கிற ஓகர் இயந்திரத்தை நாள் வாடகைக்கு எடுத்தோம். களிமண்ணில் கல் தட்டுப்பட்டால் அது ஆளையே சுழற்றும், பிடியை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடியுங்கள். கொடி நாட்டிய இடத்துக்குக் கிட்டவாக இயந்திரம் வேண்டாம், கையால் மட்டும். மூன்று அடியில் மச்சான் நின்றுவிட்டார். "என்ன மச்சான், கிணறே வெட்டப்போறாய்?" என்றார். இன்னும் ஓர் அடி இருந்தது.

கிடங்குக்குள் இறக்குவது சோனோரியூப் எனப்படும் தடித்த காகிதக் குழாய். களிமண்ணில் 10 அங்குலக் குழாய் மட்டும் நின்றால் அடிப்பரப்புப் போதாது. யானைக்கால் மாதிரி அடியில் விரிந்த பிளாஸ்ரிக் அச்சு விற்கிறார்கள், குழாயை அதன்மேல் பொருத்தி இறக்கவேண்டும். அடிப்பரப்பு எவ்வளவு வேண்டும் என்பது பெர்மிட் வரைபடத்தில் இருக்கும். கிடங்கு ஆயத்தமானதும் நகரசபை இன்ஸ்பெக்ரரைக் கூப்பிடுங்கள். அவர் ஆழத்தைப் பார்க்குமுன் கொங்கிரீட் ஊற்றினால், திரும்பக் கிண்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

10 அங்குலக் குழாயில், நிலத்துக்கு மேல் நீட்டும் ஆறு அங்குலத்தோடு சேர்த்து நாலரை அடிக்கு, 30 கிலோப் பை ஐந்து போகும். ஆறு அத்திவாரத்தையும் குழாயிலேயே ஊற்றினால் 30 பை, 900 கிலோ. விரிந்த அடி அச்சுக்கு மேலதிகம். இதைக் காரில் ஏற்ற நினைக்காதீர்கள், வீட்டுக்கே இறக்கச் சொல்லுங்கள். கொங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே தூண் தாங்கும் இரும்புக்கான போல்ட்டை நடுவில் நட்டு, நூலுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தூணைக் கொங்கிரீட்டுக்குள் புதைக்கவே வேண்டாம். தூண் இரும்பின்மேல், கொங்கிரீட்டைத் தொடாமல் நிற்கவேண்டும்.

வீட்டுச் சுவரோரத்து வரிசைக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. அங்கே இருப்பது வீடு கட்டும்போது கிண்டித் திரும்ப நிரப்பிய மண். 4 அடி போனாலும் இளகிய மண்ணில்தான் நிற்பீர்கள். அந்த மூன்றுக்கும் நாங்கள் ஹெலிக்கல் பைல் போடுவித்தோம். பெரிய திருகாணி மாதிரி இரும்புக் குழாய். சிறிய இயந்திரத்தால் இறுகிய மண் வரும்வரை முறுக்கி இறக்குவார்கள். காசு கூட, ஆனால் அரை நாளில் மூன்றும் முடிந்தது, கொங்கிரீட் காயக் காத்திருக்கவும் இல்லை. முதுகு நோவுக்காரர் எல்லாவற்றையும் இப்படியே செய்துவிடலாம்.

சட்டகம்

மரம் எல்லாம் மருந்து ஏற்றியதாக இருக்கவேண்டும். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது, செம்பு சாதாரண இரும்பை அரிக்கும். ஆகவே ஆணி, போல்ட், இரும்புத் தாங்கி எல்லாம் சூட்டில் நாகம் பூசியது, அல்லது துருப்பிடிக்காத உருக்கு. வீட்டுக்குள் பாவிக்கிற கறுப்பு ஸ்குறூவை ஒரு இடத்திலும் பாவிக்காதீர்கள். தலை பட்டென்று கழன்று போகும். அறுத்த ஒவ்வொரு முனைக்கும் கடையில் விற்கிற முனை மருந்தைத் தூரிகையால் பூசுங்கள். ஏற்றிய மருந்து மரத்தின் நடுவரை போவதில்லை, அறுத்த வாயில் தெரிகிற வெள்ளை மரத்தைப் பார்த்தாலே விளங்கும்.

எங்கள் அளவுகள், அங்குலப் பெயரளவில்: 6×6 தூண், 2×10 இரண்டைச் சேர்த்துப் பிணைத்த பீம், 2×8 ஜொயிஸ்ற். பீம் தூணின் தலையில் உட்காரவேண்டும். தூணின் பக்கத்தில் வைத்துப் போல்ட் அடித்தால் பாரம் முழுவதும் அந்த இரண்டு போல்ட்டில். ஜொயிஸ்ற்றுகள் இரண்டு பீமுக்கு மேலும் குறுக்கே படுத்து, இரண்டு பக்கமும் ஓர் அடி வெளியே நீட்டுகின்றன. நடுவில் 10 அடி.

ஜொயிஸ்ற் இடைவெளி நடுவுக்கு நடு 16 அங்குலம். பலகையைக் கோணமாகப் போடப் போகிறீர்கள் என்றால் 12. மரப்பலகைக்கு 24 வரை போனவர்கள் இருக்கிறார்கள், கொம்போசிற் அதில் தொய்ந்துவிடும். பழைய சட்டகத்தின்மேல் புதுப் பலகை போடுவது சரிவராததற்கு உக்கல் ஒரு காரணம் என்றால் இது மற்றது. 16 அடிக்கு 13 ஜொயிஸ்ற். ஒவ்வொரு மரத்தையும் விளிம்போடு கண்ணை வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் மெல்ல வளைந்திருக்கும். வளைவு மேற்பக்கம் வரவேண்டும். பாரம் ஏற ஏற நேராகும்.

இனிச் சொல்வதைப் பலர் தவறவிடுகிறார்கள். மருந்து ஏற்றிய மரம் ஈரத்தோடு வரும், ஒன்றின் உயரம் மற்றதை விடக் கால் அங்குலம் கூடக் குறைய இருக்கும். கடினமான மரப்பலகை அந்த மேடுபள்ளத்தைப் பாலம் மாதிரிக் கடந்துவிடும். கொம்போசிற் கடக்காது. துணி மாதிரிப் படிந்து, கீழே இருக்கிற ஒவ்வொரு திட்டியையும் மேலே காட்டும். அதனால் எல்லா ஜொயிஸ்ற்றுக்கும் குறுக்கே நூல் பிடித்துப் பாருங்கள். உயர்ந்ததைச் சீவுங்கள், தாழ்ந்ததைக் கழற்றி வேறு மரம் போடுங்கள். எங்களுக்கு இதற்கு மட்டும் ஒரு ஞாயிறு முழுவதும் போனது. நான் அந்த வேலை முழுவதிலும் திருப்தியாய்ச் செலவழித்த நாள் அதுதான்.

பிறகு ஜொயிஸ்ற்றின் மேல் விளிம்பில் பியூட்டைல் ரேப், அதாவது ஒட்டு நாடா. கறுப்பாய்ப் பிசின் மாதிரி ஒட்டும். மழை பலகை இடைவெளியால் இறங்கி ஜொயிஸ்ற்றின் தலையில் தேங்கும், ஸ்குறூத் துளைக்குள் போகும். அண்ணையின் சட்டகம் வைக்கோலானது இந்த வழியால்தான். ரேப் தண்ணீரைத் தள்ளிவிடுவதோடு ஸ்குறூவைச் சுற்றியும் இறுகிக்கொள்ளும். மொத்தச் செலவில் இது மிகச் சிறிய பங்கு. பலகையில் ஒரு தரம் குறைத்தாவது இதை வாங்குங்கள்.

மேலே மூடுமுன் கீழே பாருங்கள். நிலம் வீட்டிலிருந்து வெளியே சரியவேண்டும். புல் முளைக்காமல் துணி விரித்து அதன்மேல் முக்கால் அங்குலச் சல்லி போட்டோம். சட்டகத்துக்கும் இன்ஸ்பெக்சன் உண்டு, பலகை போட்டபின் அவரால் ஒன்றும் பார்க்க முடியாது.

பலகை

பலகை கடையிலிருந்து வந்ததும் மட்டமான இடத்தில், அடியில் கட்டைகளை நெருக்கமாக வைத்து அடுக்குங்கள். மரக்கோடு மாதிரி நிறம் கலந்த வகை என்றால் எல்லாவற்றையும் புல்லில் பரப்பி, கலந்து எடுத்துப் போடுங்கள். ஒரே பொதியை வரிசையாகப் போட்டால் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளிர் என்று தெரியும்.

எத்தனை பலகை? 5½ அங்குலமும் இடைவெளி 3/16 அங்குலமும் சேர்த்தால் ஒரு வரிசை ஏறக்குறைய 5.69 அங்குலம். 12 அடி என்பது 144 அங்குலம். முன்விளிம்பில் ஓடும் ஓரப் பலகைக்கு 5½ கழித்தால் 138½. அதற்குள் 24 முழுப் பலகை போனபின் சுவரோரம் இரண்டு அங்குலக் கீலம் மிஞ்சும். அந்த ஈர்க்கை அறுத்துப் பொருத்துவது சிரமம், பார்க்கவும் வடிவில்லை. நாங்கள் கடதாசியில் இதைக் கண்டுபிடித்தபடியால் சட்டகத்தையே அந்தளவு குறைத்தோம். நீங்களும் மரம் அறுக்குமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள். 24 முழுப் பலகை, ஓரத்துக்கு 16 அடியில் ஒன்று, 12 அடியில் இரண்டு, கழிவுக்கு இரண்டு மூன்று.

பக்கத்தில் தவாளிப்பு வெட்டிய பலகைக்கு மறைவான கிளிப் போடலாம். கிளிப்பே இடைவெளியையும் பிடித்துக்கொள்ளும், மேலே ஒரு ஸ்குறூத் தலையும் தெரியாது. ஒவ்வொரு ஜொயிஸ்ற்றிலும் ஒன்று என்று எங்களுக்கு 300க்கு மேல் போனது. ஓரப் பலகைகள் தவாளிப்பு இல்லாதவை. அவற்றுக்கு மேலிருந்து கொம்போசிற்றுக்கென்றே வருகிற ஸ்குறூவும், அதே நிறத்து மூடியும். சாதாரண ஸ்குறூ போட்டால் துளையைச் சுற்றிப் பலகை காளான் மாதிரிப் பொங்கும். ஓரப் பலகைக்கு அடியில் தனியாக ஒரு ஜொயிஸ்ற் தேவை, சட்டகம் செய்யும்போதே போட்டுவிடுங்கள்.

அறுக்க நுண்பற்கள் உள்ள காபைட் வாள்தகடு போதும். தூள் எல்லாம் பிளாஸ்ரிக் துணுக்கு. அடியில் படங்கு விரித்துவிட்டு அறுங்கள், இல்லாவிட்டால் புல்லுக்குள் இருந்து பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

இனி நான் பிழைவிட்ட இடம். மரம் ஈரத்துக்குப் பருக்கும், கொம்போசிற் சூட்டுக்கு நீளும். 16 அடிப் பலகை கடுங்குளிருக்கும் கடும் வெயிலுக்கும் இடையில் கால் அங்குலத்துக்கு மேல் நீண்டு சுருங்கும். நாங்கள் பலகை போட்டது சித்திரை மாதத்து விறைக்கிற காலை. ஓரப் பலகைக்கு நடுவில் ஒவ்வொன்றையும் மயிரிழை தெரியாமல் அறுத்துப் பொருத்தி, "தச்சன் தோற்றான்" என்று மச்சானுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டேன். யூலையில் பலகைகள் நீண்டு ஓரப் பலகையைத் தள்ளின. மூலையில் 45 பாகையில் சேர்த்த மூட்டு சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்கு வாய்திறந்தது. ஓரத்தைக் கழற்றி, 24 பலகையின் முனையையும் நூல் அடித்து ஒரே ஓட்டாய் வெட்டித் திரும்பப் பூட்டினோம். ஒவ்வொரு தயாரிப்பாளரின் தாளிலும் எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு முனை இடைவெளி என்று அட்டவணை இருக்கும். குளிரில் போட்டால் கூட, வெயிலில் போட்டால் குறைய. சுவரோரம் குறைந்தது கால் அங்குலம். அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

படியும் கைப்பிடியும்

படி சுருக்கமாக: ஒரு படியின் உயரம் 200 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் ஓட்டம் 255க்குக் குறையக் கூடாது, எல்லாப் படியும் ஒரே உயரம். படிக்கான பக்கச் சட்டங்களை டெக்கை விட நெருக்கமாக, 12 அங்குலம் அல்லது அதற்கும் குறைவாக வையுங்கள்.

தளம் நிலத்திலிருந்து 600 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் தடுப்புக் கட்டாயம். 1.8 மீற்றர் வரை உயரமான டெக்குக்குத் தடுப்பு 900 மில்லிமீற்றர், அதற்கு மேல் 1070. கம்பிகளுக்கு இடையில் 100 மில்லிமீற்றர் உருண்டை நுழையக் கூடாது, குழந்தையின் தலை போகாத அளவு அது. குறுக்கே ஏணி மாதிரி ஏறக்கூடிய வடிவமும் வேண்டாம். தடுப்புத் தூணை மேல் பலகையில் மட்டும் பூட்டாதீர்கள், சட்டகத்தோடு போல்ட் அடிக்கவேண்டும். பிறந்தநாளுக்கு வருகிற நாற்பது பேரில் பத்துப் பேர் சாய்ந்துதான் நிற்பார்கள்.

பாவிக்கத் தொடங்கியபின்

சாயம், எண்ணெய் ஒன்றும் பூசத் தேவையில்லை. ஆனால் பராமரிப்பே இல்லை என்று விற்பவர் சொல்வதை முழுதாய் நம்பவேண்டாம். மகரந்தமும் இலைச் சருகும் ஈரத்தோடு கிடந்தால் மேலுறையிலும் பூஞ்சணம் படரும். வருடம் இரண்டு முறை சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான தும்புத்தடியும் போதும். பலகை இடைவெளியில் அடைக்கிற மேப்பிள் விதையைக் கிண்டி எடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்காது.

வீட்டுக்குள் மணக்கும் என்று மீன் பொரிக்க வெளியே அடுப்பு வைக்கிற குடும்பங்களுக்கு: எண்ணெய் சிந்தினால் அன்றைக்கே சூடான சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். மஞ்சள்தூள் கலந்த எண்ணெய் ஒரு நாள் கிடந்தால் பிறகு கழுவிக் கழுவிக் கை நோகும். அடுப்புக்கும் பாபிகியூவுக்கும் அடியில் சூடு தாங்கும் பாய் விரியுங்கள். டெக்கில் பூசை வைத்தால் கற்பூரத்தைத் தட்டில் கொளுத்துங்கள். எங்கள் வாசலடியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஒரு தழும்பு இருக்கிறது, மாமி வைத்தது.

யன்னல் கண்ணாடியையும் கவனியுங்கள். சூட்டைத் திருப்புகிற புதுவகைக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற வெயில் ஒரே இடத்தில் குவிந்தால் பலகை உருகி வளையும். யூன் மாதத்தில் ஒருநாள் டெக்கில் நின்று, எங்காவது வெளிச்சக் கீற்றுப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் வெளியே ஒரு வலை யன்னல் போட்டுவிட்டால் சரி.

பனி தள்ளப் பிளாஸ்ரிக் சவள், பலகை ஓடுகிற திசையில் மட்டும். இரும்புச் சவள் மேலுறையைக் கீறும். மிஞ்சிய முழுப் பலகைகளை விற்றுவிடவோ அயலவருக்குக் கொடுக்கவோ வேண்டாம். நிறங்களைக் கொம்பனிகள் நிறுத்துவது வழக்கம், பத்து வருடம் கழித்து ஒன்று தேவைப்பட்டால் அதே நிறம் கிடைக்காது. எங்களுடையது இரண்டை டெக்குக்கு அடியிலேயே, சல்லிக்கு மேல் கட்டை வைத்து மட்டமாய்ப் படுக்கப் போட்டிருக்கிறேன்.